பதிவேட்டில் நான்காவது பெயர்

மூன்று பேராக எங்கும் புறப்படக் கூடாது என்பதை விஷாலினியின் அம்மாதான் நினைவூட்டினார். ஜூலையின் இரண்டாவது வெள்ளிக்கிழமை, மெல்பேர்ன் விமான நிலையத்தில் பைகளைக் கொடுக்கும் வரிசையில் நின்றோம். மலேசியாவிலிருந்து அம்மா அழைத்தார். விஷாலினி தொலைபேசியை எல்லோருக்கும் கேட்கும்படி உயர்த்திப் பிடித்தாள். எத்தனை பேர் போகிறீர்கள் என்று கேட்டார். மூன்று என்றாள் விஷாலினி.

"மூணு பேரா போகாதீங்கம்மா. ஒரு கல்லையாவது கூட எடுத்துக்குங்க."

"கல்லுக்கு ஜன்னல் சீட்டு வேணுமா ஆன்ட்டி?" என்றான் யுவனேஷ்.

அம்மா அவனைத் திட்டினார். விஷாலினி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டிலும் இந்த வழக்கம் உண்டு. மூன்று பேராகப் போகவேண்டி வந்தால் அப்பா வாசலில் ஒரு சிறு கல்லைப் பொறுக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். கல் நான்காவது ஆள். அதற்குமேல் யாரும் விளக்கம் கேட்டதில்லை.

பிப்ரவரி வரை எங்களுக்குக் கல் தேவைப்பட்டிருக்காது. நாங்கள் நான்கு பேர்.

மெல்பேர்னின் மேற்கே வெரிபீயில் ஒரு மாலை வகுப்பில் சந்தித்தோம். சுற்றுலாத் துறைச் சான்றிதழ், செவ்வாயும் வியாழனும் ஆறிலிருந்து ஒன்பது வரை. விஷாலினியும் யுவனேஷும் மலேசியாவிலிருந்து மாணவர்களாக வந்து தங்கிவிட்டவர்கள். அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள், அவன் ஒரு கிடங்கில். நான் பகலில் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். குழாயில் ஒட்டியிருக்கும் பெயரும் படிவத்தில் எழுதியிருக்கும் பெயரும் ஒன்றுதானா என்று பார்த்து அடையாளம் இடுவது என் வேலை. ஒன்றாக இல்லாவிட்டால் அடையாளம் இடக்கூடாது. மூன்று வருடத்தில் அதை மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

நான்காவது ஆள் ஹரிப்பிரியா. வகுப்பில் எல்லோருக்கும் ஹரி. என்னைப் போலவே அவள் பெற்றோரும் யாழ்ப்பாணத்தார். அப்பா இல்லை, அம்மாவுடன் பக்கத்துப் பொயிண்ட் குக்கில் இருந்தாள். சென்ற ஆண்டின் கடைசிப் பருவத்தில் எங்களுக்குக் கூட்டாக ஒரு பயிற்சி கொடுத்தார்கள். குளிர்காலத்தில் ஆட்கள் அதிகம் போகாத ஒரு பிரதேசத்தைத் தேர்ந்தெடுத்து மூன்று நாள் பயணம் ஒன்றை வகுக்கவேண்டும். டாஸ்மேனியாவின் நடு மேட்டுநிலத்தை ஹரிதான் தேர்ந்தெடுத்தாள். வரைபடத்தில் பார்த்தால் நிலத்தைவிட ஏரிகள் கூடுதலாகத் தெரியும். அவள் அதுவரை உறைபனியை நேரில் பார்த்ததில்லை.

இருபத்திரண்டு பக்கம் எழுதினாள். ஒவ்வொரு காரியத்துக்கும் நேரம், உடுப்பு, கொண்டுபோகவேண்டிய பொருள், கடைசியாக 'நடக்காவிட்டால்' என்று ஒரு பகுதி. பனிநடைச் சப்பாத்துகளை வாடகைக்கு எடுத்தல்: காலை எட்டரைக்கு முன். நடக்காவிட்டால்: ஏரி விடுதியின் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து சூப் குடிக்கவும். வொம்பட் என்ற குட்டைக்கால் விலங்கைப் பார்த்தல்: மாலை மூன்றிலிருந்து நான்கு. நடக்காவிட்டால்: வொம்பட்டின் சாணத்தைப் பார்க்கவும், அது சதுரமாக இருக்கும். ஆசிரியை அந்த வரிக்கு மட்டும் தனியாக ஒரு மதிப்பெண் கொடுத்தார்.

ஜூலையில் நாங்களே போய்ப் பார்ப்பது என்று முடிவுசெய்தோம். ஜனவரித் தள்ளுபடியில் ஹரி சிவப்பு நிறத்தில் ஒரு தடித்த ஜாக்கெட் வாங்கினாள். பிப்ரவரியில் ஒரு வியாழன், வகுப்புக்கு வரும் வழியில், வாகனத் தரிப்பிடத்தில் விழுந்தாள். மூளையில் ஓர் இரத்தக்குழாய் வெடித்திருந்தது. அவளுடைய தொலைபேசியைத் திறக்க முடியவில்லை. கல்லூரிப் படிவத்திலிருந்து அவள் அம்மா நாகேஸ்வரி அன்ரியின் எண்ணை எடுத்து நான்தான் அழைத்தேன். ஏழு முறை அழுத்திய பிறகு எடுத்தார். அந்த எண் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. அன்ரி மருத்துவமனைக்கு வந்துசேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

முப்பத்தோராம் நாள் சடங்குவரை அன்ரி வீட்டுக்கு அடிக்கடி போனேன். பிறகு குறைத்துக்கொண்டேன். அங்கே என்ன பேசுவது என்று தெரியாது. அவள் பெயரைச் சொல்லாமல் பேசுவதற்கு எல்லோரும் பழகியிருந்தார்கள், நானும் பழகினேன். ஜூலையில் திட்டப்படி போகலாம் என்று விஷாலினி சொன்னபோது சரி என்றேன். அன்ரியிடம் சொல்லவில்லை. சொன்னால் வருந்துவார் என்று அப்போது காரணம் சொல்லிக்கொண்டேன். எனக்குப் பயமாக இருந்தது என்பதுதான் சரியாக இருக்கும்.

டாஸ்மேனியாவில் இறங்கி, லான்செஸ்டனில் வாடகைக் காரை எடுத்த இடத்தில் யுவனேஷ் கோழிமுட்டை அளவில் ஒரு கல்லைப் பொறுக்கினான். பின் இருக்கையில் எனக்குப் பக்கத்தில் வைத்து இருக்கைப் பட்டியையும் மாட்டினான்.

"பேசாம வரும், நல்ல பிள்ள," என்றான்.

மேலே ஏற ஏற வெளி வெளுத்தது. வீதியின் இரு பக்கமும் செத்த மரங்கள் சாம்பல் நிறத்தில் நின்றன. ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சில உறைந்து மங்கலாக, சில கறுப்பாக. திட்டத்தில் எழுதியிருந்த இடத்தில் நிறுத்தினோம், எழுதியிருந்த சூப்பைக் குடித்தோம். எங்கும் ஹரி சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடத்துக்குமேல் பிந்தவில்லை. அது எனக்கு மகிழ்ச்சியாகவும் இருந்தது, மகிழ்ச்சியாக இருக்கக்கூடாது என்றும் இருந்தது.

சனிக்கிழமை காலை நடை. ஓர் ஏரியின் ஓரமாக ஒன்றரை மணி நேரம் போனால் பழைய மரக்குடில் ஒன்று வரும், அங்கே தேநீர் குடித்துவிட்டுத் திரும்பவேண்டும். பாதையின் தொடக்கத்தில் ஒரு மரப்பெட்டி, உள்ளே பதிவேடு, நூலில் கட்டிய பென்சில். யாராவது திரும்பாவிட்டால் தேடுவதற்காகவே இந்தப் புத்தகம் என்று மூடியில் ஒட்டியிருந்தது. பெயர், போகும் இடம், திரும்பும் நேரம், அவசரத்துக்கு யாரை அழைப்பது, கடைசியில் திரும்பியதற்கான அடையாளம் என்று கட்டங்கள்.

மற்ற இருவரும் பனிச்சப்பாத்துகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கல் காரிலேயே இருந்துவிட்டது என்று விஷாலினி சொன்னாள். காரை விட்ட இடம் பத்து நிமிடம் பின்னால் இருந்தது.

"தூங்கட்டும் லா, பாவம்," என்றான் யுவனேஷ்.

நான் மூன்று பெயர்களை மூன்று வரிகளில் எழுதினேன். என் பெற்றோர் அப்போது ஒரு கல்யாணத்துக்காக யாழ்ப்பாணம் போயிருந்தார்கள். மற்ற இருவருடைய பெற்றோரும் மலேசியாவில். அதனால் எனக்கு விஷாலினியின் எண், விஷாலினிக்கு யுவனேஷின் எண், யுவனேஷுக்கு என் எண். ஒன்றாக நடக்கப்போகும் மூவரையும் ஒருவருக்கு ஒருவர் அவசரத் தொடர்பாக எழுதியது எவ்வளவு முட்டாள்தனம் என்று அப்போது தெரியவில்லை. ஒழுங்காக இருப்பதுபோல் தெரிந்தது.

நான்காவது வரி காலியாக இருந்தது. அதில் ஹரி என்று எழுதினேன்.

கல்லுக்குப் பதிலாக ஒரு பெயர், அவ்வளவுதான் என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைத்ததாக இப்போது எழுதுகிறேன். அப்போது ஒன்றும் நினைக்கவில்லை. பெயர் எழுதிய பிறகு பக்கத்துக் கட்டம் காலியாக இருந்தது. காலிக் கட்டத்தை விட்டுவிட்டுப் போக எனக்கு வராது. நாகேஸ்வரி அன்ரியின் எண் கையிலிருந்து தானாக இறங்கியது.

முந்தைய இரவு பெய்த பனியில் யாரும் நடந்திருக்கவில்லை. எங்கள் சப்பாத்துகளின் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. வழிநெடுக ஹரியைப் பற்றியே பேசினோம். அவள் முன்னால் நடப்பதுபோலப் பேசினோம். பதினொரு மணிக்கு ஹரி படமெடுக்கச் சொல்லியிருக்கிறாள், இந்த மேட்டில் ஹரி மூச்சு வாங்கச் சொல்லியிருக்கிறாள். குடிலில் பைகளை வைத்துவிட்டு ஏரிக்கரைக்கு இறங்கினோம். நூறு அடி இருக்கும். கரையோரம் கட்டியாக உறைந்திருந்தது. நடுவில் தண்ணீர் கறுப்பாகத் தெரிந்தது.

திட்டத்தின் பதினாறாம் பக்கம்: 'ஏரிக்கரையில் பத்து நிமிடம் பேசாமல் நிற்கவும். பனிக்கட்டி சத்தம் போடும் என்கிறார்கள். நடக்காவிட்டால்: இன்னும் பத்து நிமிடம் நிற்கவும்.'

நின்றோம். ஏழாவது நிமிடத்தில் கேட்டது. எங்கோ தூரத்தில் நீளமான கம்பியொன்றைத் தட்டியதுபோல் தொடங்கி, ஏரியின் அடியால் ஓடிவந்து, எங்கள் காலடியில் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை. விஷாலினி என் கையைப் பிடித்தாள். யுவனேஷ் ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஒன்றும் சொல்லாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

குடிலுக்குத் திரும்பியதும் விஷாலினி தேநீர் ஊற்றினாள். திட்டத்தில் நான்கு குவளை என்று இருந்ததால் நான்கு கொண்டுவந்திருந்தோம். அவள் நான்கிலும் ஊற்றிவிட்டுத்தான் கவனித்தாள். யாரும் நான்காவதைத் தொடவில்லை, கீழே ஊற்றவும் இல்லை. நான் கையுறை ஒன்றைக் கரையில் விட்டுவந்திருந்தேன். தனியாகப் போய் எடுத்துவந்தேன். வந்தபோது நான்காவது குவளையில் ஆவி அடங்கியிருந்தது.

திரும்பி மரப்பெட்டிக்கு வந்தபோது மூன்று நாற்பது. மறுபடி லேசாகப் பனி விழத் தொடங்கியிருந்தது. என் வரியிலும் விஷாலினியின் வரியிலும் யுவனேஷின் வரியிலும் நேரத்தை எழுதி அடையாளம் இட்டேன். நான்காவது வரியில் பென்சிலை வைத்தேன். கை நகரவில்லை. அவள் திரும்பியதை நான் பார்க்கவில்லை. பார்க்காததற்கு எப்படி அடையாளம் இடுவது? கூடத்தில் இருந்தால் அந்தக் குழாயை ஒரு பக்கமாக வைத்திருப்பேன். இங்கே ஒரு பக்கமாக வைக்க ஒன்றும் இல்லை. வரியை அப்படியே விட்டுவிட்டு மூடியைச் சாத்தினேன்.

விடுதியில் தொலைபேசித் தொடர்பு கிடையாது. குளிரில் என்னுடைய தொலைபேசி அணைந்தே போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் லான்செஸ்டனை நெருங்கும்போது விஷாலினியின் தொலைபேசியில் எண் காட்டாத ஐந்து அழைப்புகள் வந்து கிடந்தன. ஏமாற்றுக்காரர்கள், பேங்க்கிலிருந்து பேசுகிறோம் என்பார்கள் என்று அவள் அழித்துவிட்டாள். யுவனேஷுக்கும் இரண்டு வந்திருந்தன. அவனும் அப்படியே விட்டுவிட்டான். காரை ஒப்படைக்கும்போது கல்லை எடுத்த இடத்திலேயே வைத்து, அதற்கு ஒரு கும்பிடும் போட்டான்.

மெல்பேர்னில் இறங்கி யுவனேஷின் காரில் ஏறிய பிறகுதான் என் தொலைபேசிக்கு மின் ஊட்டினேன். நாகேஸ்வரி அன்ரியிடமிருந்து ஒரு செய்தி இருந்தது. காலை பதினொன்று பத்துக்கு அனுப்பியது.

'வினுஷா, இறங்கின உடனை இஞ்ச வா.'

நாங்கள் போனது அன்ரிக்குத் தெரியாது. அந்த வரியை மூன்று முறை படித்தேன். பிறகு மரப்பெட்டியும் நான்காவது வரியும் நினைவுக்கு வந்தன. யுவனேஷிடம் காரைப் பொயிண்ட் குக்குக்கு விடச் சொன்னேன்.

மற்ற இருவரையும் காரில் இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். நேரம் மூன்று ஐம்பத்தைந்து. வீடு சூடாக இருந்தது. ஹரியின் அறைக் கதவு திறந்திருந்தது, உள்ளே ஹீட்டர் சிவந்து எரிந்தது. கட்டிலில் விரிப்பு புதிது. கதவில் சிவப்பு ஜாக்கெட் தொங்கியது, விலைச்சீட்டோடு.

அன்ரி மேசையருகில் இருந்தார். முன்னால் தொலைபேசியும் ஒரு கொப்பியும். கதிரையைக் காட்டினார். உட்கார்ந்தேன். காலை பத்து மணிக்கு டாஸ்மேனியாவிலிருந்து பொலிஸ் அழைத்ததாகச் சொன்னார். பதிவேட்டில் நான்கு பேர் போயிருக்கிறார்கள், மூன்று பேர்தான் திரும்பியிருக்கிறார்கள், மற்ற எண்கள் ஒன்றும் எடுபடவில்லை.

"ஹரி உங்கட பிள்ளையோ எண்டு கேட்டவர். ஓம் எண்டன். பிள்ளை வீட்டுக்கு வந்திட்டாவோ எண்டு கேட்டவர்." அன்ரி கொப்பியின் ஓரத்தை நேராக்கினார். "இன்னும் வரேல்லை எண்டு சொன்னனான். பொய் சொல்லேல்லை, பிள்ளை."

மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அந்தப் பொலிஸ் அதிகாரி அழைத்துச் சொல்கிறார் என்றார். கொப்பியைப் பார்த்துப் படித்தார். பன்னிரண்டு பேர் தேடுகிறார்கள், எல்லோரும் தொண்டர்கள். உயரம் ஐந்தடி மூன்று, சிவப்பு ஜாக்கெட் என்று அன்ரிதான் சொல்லிக் கொடுத்திருக்கிறார். தேடுகிறவர்களில் ஒரு பையன் பனிக்கட்டி உடைந்து இடுப்புவரை தண்ணீருக்குள் போய்விட்டான், இழுத்து எடுத்துவிட்டார்கள். அன்ரி அதையும் மற்றவற்றைப் போலவே படித்தார்.

"குடில்ல இருந்து ஏரிப்பக்கம் நாலு பேற்ற அடி போகுதாம். திரும்பினது மூண்டு பேற்றதாம்."

நான் அவர்களிடம் உண்மையைச் சொல்லவேண்டும் என்றேன். எண்ணைத் தரச் சொன்னேன்.

"சொல்லத்தான் வேணும்," என்றார். "இருட்டுப்படத் தேடுறதை விட்டிடுவினமாம். இன்னும் முக்கால் மணித்தியாலம்தானே."

இடுப்புவரை போன பையனை நினைத்தேன். அவனுக்கும் ஒரு வீடு, ஓர் அம்மா. அவன் அங்கே நிற்பதற்கு ஒரே காரணம் என் பென்சில். கையை நீட்டினேன். அன்ரி தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கோபமாக இழுக்கவில்லை, மெதுவாகத்தான் இழுத்தார்.

"மாசி மாசம் எனக்குத் தேட ஒரு நிமிசம் கிடைக்கேல்லை. நீ போன் எடுத்தாய். நான் ஓடி வந்தன். முடிஞ்சுது எண்டிச்சினம். இண்டைக்குப் பன்னிரண்டு பேர் அவளைத் தேடுகினம். பேர் சொல்லிக் கூப்பிடுகினம். இந்த வீட்டுக்கு வாற ஆக்கள் ஒருத்தரும் அவள்ட பேர் சொல்லுறேல்லை. நீயும் சொல்லுறேல்லை."

நீட்டிய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

தொலைபேசி அடித்தது. அன்ரி அதை எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார். களைத்த ஆண்குரல், பின்னால் காற்று, இன்னும் பின்னால் வானொலிக் கருவியின் கரகரப்பு. வெளிச்சம் போவதற்கு முன் ஏரியின் அந்தப் பக்கத்தையும் ஒரு முறை பார்த்துவிடப் போகிறோம், அங்கே பனிக்கட்டி மெல்லியது, அதனால் கயிறு கட்டித்தான் அனுப்புகிறேன் என்றார். வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார்.

அந்தப் பதிவேட்டில் எழுதியது நான் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் உடனே என் பெயரைக் கேட்டார், எங்கே இருக்கிறாய் என்று கேட்டார், மற்றப் பெண் எங்கே என்று கேட்டார். அதற்கான பதில் மூன்று சொல்தான். வாயைத் திறந்தேன். அன்ரி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"முதல்ல இதைக் கேள். என்ன பேர் சொல்லிக் கூப்பிடுகினம்?"

கேட்டேன். புத்தகத்தில் இருப்பதுதான், ஹரி, என்றார் அதிகாரி.

அன்ரி தலையை ஆட்டினார். ஒரு குழந்தை கொண்டுவந்து காட்டிய தப்பான கணக்கைப் பார்ப்பதுபோல் இருந்தது அவர் முகம்.

"வீட்டில அவள் பிரியா. ஹரி எண்டா திரும்பிப் பாக்கமாட்டாள். சின்னனில இருந்தே அப்பிடித்தான். பிரியா எண்டு ஒருக்காக் கூப்பிடச் சொல்லு. பிறகு நானே சொல்லுறன்."

சரியா தவறா என்று எனக்கு இன்றும் தெரியாது. அந்தப் பக்கத்துக்கு யாரையும் அனுப்பவேண்டாம், தயவுசெய்து ஒருவரையும் அனுப்பவேண்டாம் என்றேன். நிற்கிற இடத்திலிருந்தே பிரியா என்று ஒரு முறை கூப்பிடச் சொல்லுங்கள், வீட்டில் அதுதான் பெயர் என்றேன். அவர் காரணம் கேட்கவில்லை. வானொலியில் பேசினார். சரியாக உச்சரிக்க இரண்டு முறை முயன்றார்.

முதலில் ஒரு பெண்குரல் கேட்டது. பிரியா. எழுத்துகள் வேறு மாதிரி விழுந்தன, ஆனால் பெயர் அதுதான். பிறகு கொஞ்சம் தள்ளி ஓர் ஆண். பிறகு இன்னொருவர், இன்னும் தூரத்தில். கரையைச் சுற்றி ஒருவர் மாற்றி ஒருவராக அந்தப் பெயர் போய்க்கொண்டிருந்தது. அன்ரி உதடு அசைய எண்ணினார். கடைசிக் குரல் மிகச் சிறியதாகக் கேட்டது. பிறகு காற்று மட்டும்.

அதன்பின் அந்தச் சத்தம். கம்பியைத் தட்டியதுபோல் தூரத்தில் தொடங்கி நீளமாக ஓடிவந்தது.

"என்ன அது?" என்றார் அன்ரி.

"ஐஸ், அன்ரி."

அது ஓய்ந்து முடியும்வரை தொலைபேசிக்கு மேல் குனிந்தபடி இருந்தார். பிறகு நிமிர்ந்து தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, படிவத்தைப் பார்த்துப் படிப்பதுபோல ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். என் மகள் பிப்ரவரி இருபதாம் தேதி செத்துப்போய்விட்டாள். வீட்டுக்கு வரவில்லை என்று நான் சொன்னது உண்மை, ஆனால் இதையும் சொல்லியிருக்கவேண்டும். எல்லோரையும் வெளியே எடுங்கள். அவர்களுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

அந்தப் பக்கம் வானொலி கரகரத்தது. பிறகு எல்லோரையும் திரும்பச் சொல்லிக் கட்டளை கேட்டது. அதன்பின் அதிகாரி என்னோடு பேசினார். மென்மையாகப் பேசவில்லை. அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரி. அவற்றை என் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன், இங்கே திரும்ப எழுத முடியவில்லை. என் முகவரியைக் கொடுத்தேன். இதற்குமேல் நடவடிக்கை இருக்கலாம் என்றார். இருக்கட்டும் என்றேன்.

நான்கு ஐம்பதுக்கு மறுபடி அழைத்தார். எல்லோரும் வாகனங்களுக்கு வந்துவிட்டார்கள்.

"பன்னிரண்டு பேருமோ?" என்று அன்ரி தமிழிலேயே கேட்டார். நான் மொழிபெயர்ப்பதற்குள் அதிகாரிக்கே விளங்கி, பன்னிரண்டும் என்றார். அன்ரி கொப்பியில் பன்னிரண்டு கோடு போட்டார். எழுந்து போய் ஹீட்டரை நிறுத்தினார். அறைக் கதவைச் சாத்தவில்லை.

"பிரியாவுக்கு அந்த இடம் பிடிச்சிருக்குமோ?" என்று அங்கிருந்தே கேட்டார்.

பிரியா எல்லாவற்றையும் சரியாகத்தான் எழுதியிருந்தாள் என்றேன். ஏழாவது நிமிடத்தில் பனிக்கட்டி சத்தம் போட்டதைச் சொன்னேன். சூப்பைச் சொன்னேன், சதுரச் சாணத்தைச் சொன்னேன். வெளியே காத்திருந்த இருவரையும் அன்ரி உள்ளே கூப்பிட்டார். குசினியில் ஐந்து குவளை எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தார்.

செவ்வாய்க்கிழமை அந்த ஏரிப் பகுதியின் பூங்காக் காவலர் ஒருவர் அழைத்தார். அறிக்கையை முடிக்கவேண்டுமாம். பதிவேட்டின் நான்காவது வரியில் கடைசிக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். சரி, அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பிறகு அடித்தடங்களைப் பற்றிக் கேட்டார். குடிலிலிருந்து கரைக்கு நான்கு போயிருக்கின்றன, மூன்றுதான் திரும்பியிருக்கின்றன. அதனால்தான் அவ்வளவு பேரை இறக்கினோம் என்றார்.

கையுறையைச் சொன்னேன். நான் தனியாக இன்னொரு முறை போனேன், நான்காவது தடம் என்னுடையது. அவருக்கு நிம்மதியாக இருந்தது, எழுதிக்கொண்டார். அப்படியானால் திரும்பிய தடமும் நான்காக இருக்கவேண்டுமே என்று நானே கேட்டேன். இரண்டு முறை போனவள் இரண்டு முறை திரும்பியிருக்கிறேன். காற்று மூடியிருக்கும் என்றார். ஒன்றை மட்டுமா என்று கேட்டேன். அங்கே காற்று அப்படித்தான் என்றார்.

பன்னிரண்டு பேருக்கும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏழு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அன்ரி வீட்டுக்குப் போகிறேன். அவர் அந்தக் கொப்பியை எடுத்து, நாலு பேற்ற அடி போகுதாம், மூண்டு பேற்றதுதான் திரும்பினதாம் என்று ஒவ்வொரு முறையும் படிக்கிறார். கையுறை என் பையில்தான் இருக்கிறது. நான்காவது அடி யாருடையது என்று அவர் கேட்டால் அதைக் காட்டிச் சொல்லிவிடுவேன். அவர் இன்னும் கேட்கவில்லை.